தெள்ளு டொக்டர்

துணி துவைத்த தண்ணீர் எங்கே போகிறது என்று முப்பது வயது வரைக்கும் நான் யோசித்ததே இல்லை. இத்தனைக்கும் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். சவர்க்காரத்தின் ஒரு நுனி எண்ணெயைப் பிடிக்கும், மறு நுனி தண்ணீரைப் பிடிக்கும் என்று பரீட்சையில் படம் கீறிக் காட்டியிருக்கிறேன். அழுக்கை எடுத்து முடித்தபிறகு அது எங்கே போய் யாரைப் பிடிக்கிறது என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. லண்டனுக்கு வந்து, மனோர் பார்க்கில் ஒரு வரிசை வீட்டின் மேல்மாடியில் குடியிருந்து, ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடையில் கல்லாவில் நின்று, எண்பதுகளின் கடைசிப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தபோதுதான் அந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்றது. அதைக் கேட்டவர் ஒரு பெண். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் கோபிப்பார். எங்கள் வீட்டில் அவருக்கு என் கணவர் வைத்த பெயர் ஒன்று இருந்தது: தெள்ளு டொக்டர்.

அவர் தமிழ்நாட்டுக்காரர், திருநெல்வேலிப் பக்கம். மருந்து எழுதுகிற டொக்டர் அல்ல, ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர். இதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்துவது பெரும்பாடு. முருகன் கோயிலில் அவரைக் கண்டால் போதும், யாராவது ஒரு மாமி முழங்கால் நோவோடு வந்துவிடுவார். "நான் பூச்சிக்குத்தான் டாக்டர், அம்மா," என்று அவரும் சலிக்காமல் சொல்லுவார்.

எங்கள் வேலை இதுதான். வீடுகளிலிருந்து போகிற கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் வடித்து, காற்றூட்டி, நுண்ணுயிர்களுக்குத் தீனியாகக் கொடுத்து, தெளிந்ததைப் பக்கத்து ஓடையில் விடுவார்கள். பார்த்தால் குடிக்கலாம் போல இருக்கும். ஆனால் நுண்ணுயிர்களுக்கும் நாக்கு இருக்கிறது. அவை தின்ன மறுக்கிற சில சாமான்கள் அந்தத் தெளிந்த தண்ணீரோடு கூடவே போய்விடும். கோப்பை கழுவுகிற திரவம், சலவைத் தூள், தலைக்குப் போடுகிற ஷாம்பு என்று எல்லாவற்றிலும் அப்படி ஏதாவது ஒன்று இருக்கும். ஓடையில் இருக்கிற உயிர்களுக்கு அதனால் ஆபத்தா, எவ்வளவு ஆபத்து, எந்தக் காலத்தில் ஆபத்து என்று பார்த்துச் சொல்வதுதான் டொக்டரின் தொழில்.

அதை நாங்கள் கேட்டறிவது நீர்த்தெள்ளிடம். ரவைக் குறுணி அளவில் ஓர் உயிர் அது. குளம் குட்டையில் துள்ளித் துள்ளி நீந்தும். உடம்பு கண்ணாடி மாதிரி. உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் இதயம் அடிப்பது தெரியும், தின்ற பாசி குடலில் பச்சையாகத் தெரியும், முதுகுப் பைக்குள் குஞ்சுகள் அசைவதும் தெரியும். மீன்குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. சில பீக்கர்களில் சுத்திகரித்த தண்ணீர், சில பீக்கர்களில் எந்தக் கலப்பும் இல்லாத சுத்தத் தண்ணீர். இரண்டிலும் தெள்ளுகளை விட்டு, எதில் எத்தனை உயிரோடு நீந்துகின்றன என்று எண்ண வேண்டும். என் கணவர் முதல் நாளே கேட்டுவிட்டார்:

"இதுக்கோ நீர் பட்டம் படிச்சனீர்?"

எனக்கும் முதலில் அந்த எண்ணந்தான். அதை மாற்றியவர் டொக்டர். காலையில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தெள்ளுகள் வளருகிற தொட்டிக்குப் போய்க் குனிவார். "எல்லாரும் சாப்டாச்சா?" என்று கேட்பார். விளையாட்டுக்கல்ல, உண்மையாகவே கேட்பார். குடல் பச்சையாக இல்லாவிட்டால் அன்றைக்கு எங்களுக்கு ஏச்சு விழும். ஓடையைப் பற்றிப் பேசும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். கோடையில் மழையில்லாவிட்டால் அந்த ஓடையில் ஓடுவதில் பெரும்பகுதி நாங்கள் குளித்துத் துவைத்து விட்ட தண்ணீர்தான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அந்த மீனு நம்ம பாத்ரூம்லதான் குடியிருக்கு," என்பார். எனக்குச் சிரிப்பு வரும், அவருக்கு வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் ஒருவரையும் கிட்ட விடமாட்டார். சுத்தத் தண்ணீர் விடுகிற பீக்கர்களுக்குத் தனி அலுமாரி. அவற்றைத் தானே கழுவித் தானே கவிழ்த்து வைப்பார். எங்கள் வீடுகளில் மீன், இறைச்சி சமைக்கிற மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு என்று வைப்போமே, அதே ஒழுங்கு. அதனால் எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை, நல்ல பழக்கமாகவே தெரிந்தது.

மற்றப் பீக்கர்களைக் கழுவியவர் ஓர் ஆங்கிலப் பெரியவர். பென்ஷனுக்குக் கிட்ட வந்தவர். சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்வார், கேட்காமலே எங்களுக்குத் தேநீர் போட்டுத்தருவார். கழுவுகிற மெஷின் பழுதாகி, புதிது வாங்க மேலிடம் இழுத்துக்கொண்டிருந்தபடியால் எல்லாம் கையால்தான் நடந்தது. எப்படிக் கழுவவேண்டும் என்று டொக்டரே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். வெந்நீரில் ஊறவைக்க வேண்டும், திரவம் விட்டுத் தேய்க்க வேண்டும், காயவைக்க வேண்டும்.

தொண்ணூறுகள் தொடங்கிய காலத்தில் ஒரு கொம்பனி, சலவையின் முடிவில் துணி மெதுமெதுவென்று இருப்பதற்காக ஊற்றுகிற வாசனைத் திரவத்தில் புதிதாக ஒரு சாமானைச் சேர்க்க இருந்தது. சுத்திகரித்த தண்ணீரில் அது மிஞ்சினால் என்ன நடக்கும் என்று பார்க்கும் பொறுப்பு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது. டொக்டர் சோதனையைச் செய்தார். சுத்தத் தண்ணீரில் தெள்ளுகள் குதியாட்டம் போட்டன. அந்தச் சாமான் கலந்த சுத்திகரித்த தண்ணீரில் பாதிக்கு மேல் அடியில் போய்ப் படுத்துவிட்டன. திரும்பச் செய்தார், திரும்பவும் அதேதான். ஓடைக்குப் பெரிய ஆபத்து என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவ்வளவு பெரிய கொம்பனியை ரவையளவு பூச்சி மறித்துவிட்டது என்று நான் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அந்த அறிக்கையில் ஓடையின் கதி மட்டும் தங்கியிருக்கவில்லை. டொக்டரின் ஒப்பந்தம் அடுத்த வசந்தத்தோடு முடிய இருந்தது. வேலை இருந்தால்தான் அவருக்கு விசா. இந்தச் சோதனை நல்ல பேர் எடுத்துக்கொடுத்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆய்வுகூட இயக்குநர் ஜாடையாகச் சொல்லியிருந்தார். ஊருக்குத் திரும்பினால் இந்த ஆராய்ச்சியைத் தொடர அவருக்கு அங்கே இடம் காத்திருக்கவில்லை. விசாவின் அருமை எனக்குத் தெரியும். ஒரு முத்திரைக்காக வருடக்கணக்கில் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. ஆகவே அவரைவிட நான்தான் அந்த அறிக்கையைப் பெரிதாக நினைத்தேன்.

அந்தக் கோடையில் கோயில் தேர் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை டொக்டரையும் பெரியவரையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, அப்பளம், பாயாசம். பெரியவர் எல்லாவற்றையும் கரண்டியால் சாப்பிட்டு, அப்பளத்தை மட்டும் துணிந்து கையால் உடைத்தார். சாப்பிட்டு முடிந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழும்பினார். கோப்பைகளைத் தான்தான் கழுவுவேன் என்று ஒரே பிடிவாதம். விருந்தாளியை வேலை செய்ய விடுகிறோமே என்று நான் கூசிக்கொண்டு நின்றேன். அவர் ஒரு பிளாஸ்டிக் பேசினில் சுடுநீரும் திரவமும் விட்டு, நுரையைப் பொங்கவைத்து, ஒவ்வொரு கோப்பையாகத் தேய்த்து, அப்படியே நுரை வழிய வழியத் தட்டில் நிமிர்த்தி வைத்தார். பிறகு துவாயால் துடைத்தார்.

"இதென்னப்பா, நுரையோடை துடைக்கிறார்," என்று என் கணவர் காதுக்குள் சொன்னார்.

"சத்தம் போடாதேங்கோ. அவர் போனாப்பிறகு நான் திருப்பி அலம்பிறன்."

குசினி வாசலில் டொக்டர் பாயாசத்தோடு நின்றார். தண்ணீரில் அலசுவதில்லையா என்று பெரியவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பெரியவர் சிரித்தார். தேய்த்தால் சுத்தம்தானே, மிச்சத்தைத் துவாய் எடுத்துவிடும், தன் தாயும் அப்படித்தான் செய்தார் என்றார். அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அவருடைய சனத்தில் வீட்டுக்கு வீடு அப்படித்தான் செய்வார்கள், அந்த நுரையைத் தின்று ஒருவரும் செத்ததில்லை. டொக்டர் பாயாசத்தைக் குடிக்காமலே மேசையில் வைத்தார்.

பெரியவர் போனபிறகு டொக்டரை பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடப் போனேன். பாதி வழியில் நின்றார்.

"என் பீக்கரை நான் கழுவறேன். மத்ததையெல்லாம் அவர் கழுவறார்," என்றார்.

"ஓம் அக்கா. அதுக்கென்ன?"

"அலசணும்னு நான் எழுதவே இல்லை. எழுதணும்னு தோணலை. பாத்திரத்தை நுரையோட காயவைக்கிற ஆள் இருப்பாங்கன்னு நம்மள்ல யாராவது நினைப்பமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுத்தத் தண்ணீர் நின்றதெல்லாம் டொக்டர் அலசிய பீக்கரில். சோதனைத் தண்ணீர் நின்றதெல்லாம் திரவம் காய்ந்து ஒட்டியிருந்த பீக்கரில். தெள்ளு செத்தது கொம்பனியின் சாமானாலா, பீக்கரில் ஒட்டியிருந்த திரவத்தாலா? இரண்டு வகைப் பீக்கரையும் ஒன்றாகக் கலந்து வைத்திருந்தால் சுத்தத் தண்ணீரிலும் செத்திருக்கும், உடனே பிடிபட்டிருக்கும். மரக்கறிச் சட்டியைப் போலத் தனியே காத்து வைத்ததால்தான் பிழை ஒளிந்துகொண்டது.

திங்கட்கிழமை டொக்டர் பெரியவர் காயவைத்திருந்த பீக்கர்களை எடுத்து, வெறும் சுத்தத் தண்ணீரை விட்டு, தெள்ளுகளை இறக்கினார். கொம்பனியின் சாமான் ஒரு துளியும் அதில் இல்லை. அடுத்த நாள் பார்த்தபோது பல தெள்ளுகள் செத்து அடியில் கிடந்தன. அவர் நிமிராமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நேரே இயக்குநரின் அறைக்குப் போனார்.

இயக்குநர் கெட்ட மனிதரல்ல. ஒருவரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லையே, சத்தமில்லாமல் திரும்பச் செய்து பாருங்கள், அதே முடிவு வந்தால் ஏன் ஊரைக் கூட்டவேண்டும் என்றுதான் சொன்னாராம். டொக்டர் கேட்கவில்லை. அறிக்கையை அன்றைக்கே திரும்பப் பெறவேண்டும் என்று நின்றுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெள்ளு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு சண்டை பிடித்தேன்.

"உங்களுக்கென்ன விசரோ அக்கா? அந்தச் சாமான் எப்பிடியும் கூடாததாத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துச் சொன்னா என்ன? விசா போனா என்ன செய்வீங்கள்?"

"கூடாததா இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியும்னு கையெழுத்துப் போட்டுட்டேன், அதான் இப்போ பிரச்சினை."

"அப்ப பெரியவரின்ரை பிழையெண்டு சொல்லுங்கோவன்."

"அவர் நான் எழுதினதை அப்படியே செஞ்சார். எழுதினது நான்."

அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகவும் பிழை தன்னுடையது என்றும் அவர் எல்லோருக்கும் எழுதினார். பெரியவரிடம், ஒரு வரி விட்டுப்போய்விட்டது என்று மட்டும் சொல்லிச் சுவரில் இருந்ததை மாற்றினார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து, உங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் மேல் சரியான ஆசை என்று கேலி பண்ணிவிட்டு, அன்று முதல் சீட்டியடித்துக்கொண்டே அலசினார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. விளங்கவேண்டாம் என்பதுதான் டொக்டரின் விருப்பம். நான் கோபத்தோடே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கப் பார்க்க எனக்கு அவர் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. கெட்டிக்காரர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். தன் கைக்கு வந்த வெற்றியைத் தானே போய் மறித்த ஆளை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். தனி அலுமாரி காலியானது. எல்லாப் பீக்கரும் ஒன்றாகக் கழுவப்பட்டு ஒன்றாகக் கலக்கப்பட்டன. எதில் எந்தத் தண்ணீர் என்று சீட்டுப் போட்டு எடுத்து, எண்ணுகிறவருக்குத் தெரியாதபடி மறைத்து வைத்தோம். முடிவு வந்தது. ஒரு தெள்ளும் சாகவில்லை. நான் இடிந்துபோனேன். டொக்டர் முகத்தில் கவலையே இல்லை.

"சாகலைன்னா சந்தோஷம்தானே படணும்?" என்றார்.

ஆனால் அதோடு விடவில்லை. சாகிறதா என்பது ஒரு கேள்வி, பெருகுகிறதா என்பது இன்னொரு கேள்வி என்றார். குஞ்சுத் தெள்ளுகளை அந்தத் தண்ணீரிலேயே வாரக்கணக்கில் வளர்த்து, பாசி கொடுத்து, அவை ஈனுகிற குஞ்சுகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தோம். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் பஸ் எடுத்துப் போய்ப் பாசி ஊற்றிவிட்டு வருவேன். அந்தச் சாமான் இருந்த தண்ணீரில் தாய்மார் நன்றாகத்தான் நீந்தினார்கள், ஆனால் முதுகுப் பையில் குஞ்சு குறைவாக இருந்தது. டொக்டர் நம்பவில்லை. பிழை எங்கே, பிழை எங்கே என்று தன்னையே விசாரித்துக்கொண்டு பனிக்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்தார். அதே முடிவுதான் வந்தது.

இரண்டாவது அறிக்கை சின்னது. இந்தச் சாமான் தெள்ளைக் கொல்லாது. பெரிய ஆற்றில் கலந்தால் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் வறண்ட கோடையில், சுத்திகரித்த தண்ணீரையே நம்பி ஓடுகிற சின்ன ஓடையில், தெள்ளு மெல்ல மெல்லக் குறையும், பிறகு அதைத் தின்னுகிறவையும் குறையும். இதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க அவர் சம்மதிக்கவில்லை.

வசந்தம் தொடங்கும்போது கூட்டம் வைத்தார்கள். கொம்பனியின் விஞ்ஞானி உயரமான மனிதர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். நான் சுவரோரம் படங்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சென்ற முறையும் நீங்கள் நிச்சயமாகத்தானே சொன்னீர்கள், இந்த முறை ஏன் நாங்கள் நம்பவேண்டும் என்று அவர் கேட்டார். டொக்டர், சென்ற முறை என் பிழையை உங்களுக்கு முன்னால் நான் கண்டுபிடித்தேன், இந்த முறையும் இலையுதிர் காலத்திலிருந்து தேடுகிறேன், அகப்படவில்லை, நீங்களும் தேடுங்கள், எங்கள் தெள்ளுகளையே தருகிறேன் என்றார். அந்த மனிதர் தலையை ஆட்டினார். தங்கள் ஆய்வுகூடத்தில் தாங்களே செய்து பார்ப்பதாகச் சொன்னார். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஒப்பந்தம் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. வேலை தாமதமாகிவிட்டது, அறிக்கையைத் திரும்பப் பெற்றது மேலிடத்துக்கு நல்லதாகப் படவில்லை, காசும் இல்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் டொக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. உண்மை சொன்னவளுக்கு இந்த ஊர் கொடுத்தது ஒரு விமான டிக்கெட். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடைசி வாரத்தில் ஈஸ்ட் ஹாமில் அவருடைய வீட்டாருக்குச் சாமான் வாங்கக் கூடப் போனேன். விமான நிலையத்தில் நான்தான் அழுதேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு வரிசையில் போய் நின்றார்.

அந்த வருடக் கடைசியில் ஒருநாள் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி வந்தது. கொம்பனியின் அந்த உயரமான விஞ்ஞானி. டொக்டரைக் கேட்டார். ஊருக்குப் போய்விட்டார் என்றேன். தாங்கள் இரண்டு தரம் செய்தும் அதே முடிவுதான் வந்தது, அந்தச் சாமானைச் சேர்க்கப் போவதில்லை, இதை அவரிடம் சொல்லிவிட முடியுமா என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன். நல்ல மனிதர்தான், ஆனால் நன்றி சொல்லாமலே போனை வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வீட்டிலிருந்து டொக்டரின் ஊருக்கு அழைத்தேன். அவருடைய தம்பி எடுத்து, பக்கத்துத் தெருவில் டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறார் என்று சொல்லி ஆளனுப்பிக் கூப்பிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன். மூச்சு வாங்க அவர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்றும், இயக்குநரிடம் போய்ச் சண்டை பிடிக்கப்போகிறேன் என்றும் சொல்ல நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன். அவர் இடையில் மறித்தார்.

"எத்தனை தடவை செஞ்சாங்களாம்?"

"ரெண்டு தரம் அக்கா. ரெண்டு தரமும் குஞ்சு குறைவாம்."

மறுபக்கத்தில் அவர் அழுவது கேட்டது. அத்தனை வருடத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை.

"அப்போ நான் அவங்க மேல பொய் சொல்லலை," என்றார். "போன தடவை மாதிரி இதுலயும் ஏதாவது விட்டுட்டேனோன்னு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு."

நான் அவருடைய வேலையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், பிறகு பேசலாம் என்றார். லண்டனைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.